பின்சீட்டு விளக்கு

பேய் பிடித்த வண்டி என்று யாராவது ஒன்றைக் கொண்டு வந்து நிறுத்தினால் எனக்குச் சிரிப்பு வராது, கோபம்தான் வரும். பேட்டரி முனையில் பூத்த உப்பைத் துடைக்க உடம்பு வணங்காது, ஆனால் அதற்கு ஒரு பேயைத் தேடிப் பிடிக்க மட்டும் நேரம் இருக்கும். நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து பட்டறை நடத்துகிறோம். வண்டிக்கு அடியில் படுத்துச் செய்கிற இரும்பு வேலையெல்லாம் அவருடையது. ஒயர், சின்ன மோட்டார், கம்ப்யூட்டர் பெட்டி எல்லாம் என் பாடு. ஆளைப் பார்த்தால் யானையைக் கட்டி இழுப்பவர் போல இருப்பார். கரப்பான்பூச்சி பறந்தால் நாற்காலி மேல் ஏறி நிற்பார். பள்ளிக்கூட டீச்சர் ஒருவரின் வண்டி வந்த அன்று, அந்த ஆளைச் சமாளிப்பது எனக்குத் தனி வேலையாகிவிட்டது.

டீச்சர் தனியாகத்தான் வந்தார். மலைப்பாதைக்கு ஏற்ற பெரிய ஃபோர்வீல் வண்டி, கியர் தானாக மாறும் வகை. பட்டறைக்கு வெளியே வெயிலில், சமதரையில் நிறுத்தினார். கை பிரேக்கைக் கடைசிப் பல் வரை இழுத்தார். இறங்கியதும் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்து முன்சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தார். பிறகு சக்கரத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சமதரைதானே டீச்சர், எங்க ஓடிடப் போகுது?" என்றேன்.

"கல்லை நம்பலாம்க்கா. என்னைத்தான் நம்ப முடியல."

உள்ளே உட்கார வைத்துக் கேட்டேன். பாடம் நடத்துகிறவர் அல்லவா, வரிசையாகத்தான் சொன்னார். அந்த வண்டி அவருடைய கணவர் வாங்கியது. கணவர் நில அளவை வேலை பார்த்தவர். காடு மேடெல்லாம் போக வேண்டிய வேலை. வீடு ஒரு சரிவின் மேல் இருக்கிறது, வெளிக்கதவு சரிவின் கீழே. கதவுக்கு மேல் ஒரு பெரிய மரம் கவிந்திருக்கும். அன்றைக்குச் சாயங்காலம் மூன்று பேரும் வெளியே கிளம்பினார்கள். டீச்சர் ஓட்டினார், பக்கத்தில் கணவர், பின்சீட்டில் கணவரின் அக்கா, டீச்சருக்கு அண்ணி முறை. கதவருகே வண்டியை நிறுத்தினார்கள். கணவர் இறங்கிப் போய்க் கதவைத் திறந்தார். அண்ணியின் கைப்பை கீழே விழுந்தது. டீச்சர் திரும்பி அதை எடுத்துக் கொடுத்தார். அந்த நேரத்தில் வண்டி தானாக நகர்ந்து, கதவோடு சேர்த்து அவரை நசுக்கிவிட்டது.

"கியரை P-ல போட்டுட்டுத்தான் திரும்பினேன்னு சொன்னேன். போலீஸ் வந்து பார்க்கிறப்போ P-லதான் இருந்துச்சு. ஆனா அண்ணி, மோதினப்புறம்தான் நீ மாத்தினேன்னு சொல்றாங்க." டீச்சர் தன் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டார். "நினைச்சு நினைச்சுப் பார்க்கிறேன்க்கா. முன்னாடி போட்டேனா, பின்னாடி போட்டேனா, எனக்கே இப்போ தெரியல. அண்ணி ஒரே வீட்டுல இருக்காங்க. நான் வச்சதைச் சாப்பிட மாட்டாங்க. நான் கொடுத்தா தண்ணி கூட வாங்க மாட்டாங்க. நான்தான் அவரைக் கொன்னேனா? எனக்கு வேற எதுவும் வேணாம், அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

இதற்கு முன்பே வேறொரு பட்டறையில் ஃபோர்வீல் மோட்டாரை மாற்றியிருந்தார்கள், கம்ப்யூட்டர் பெட்டியை மாற்றியிருந்தார்கள். வண்டி திரும்பி வந்து, அதே மரத்தடியில் மறுபடி நகர்ந்திருக்கிறது. செங்கல் தடுத்ததால் நின்றது. மற்ற எந்த இடத்திலும் நகராதாம்.

"அண்ணி என்ன சொல்றாங்கன்னா…" டீச்சர் தயங்கினார். "முதல்ல பின்சீட்டு லைட் தானா எரியும். அப்புறம் முன்சீட்டுல யாரோ உட்கார்ந்த மாதிரி பெல்ட் போடச் சொல்லி மணி அடிக்கும். அதுக்கப்புறம் வண்டி நகரும். தம்பி வந்து லைட்டைப் போடுறான், சீட்டுல உட்கார்றான், உன்னைக் கூப்பிடறான்னு சொல்றாங்க."

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரின் முகம் பேயறைந்தது போல ஆகிவிட்டது. டீச்சர் போனதும் வாய் திறந்தார்.

"ஏம்மா, இது நமக்கு வேணுமா? வேற எங்கயாவது பார்த்துக்கச் சொல்லிடலாமே?"

"அடியில படுக்கப் போறது நீங்க. பேய் உட்காரப் போறது மேல சீட்டுல. உங்களுக்கு என்னங்க பயம்?" என்றேன்.

பயத்தைக் கேலி செய்துவிட்டேனே தவிர, டீச்சர் சொன்னது எனக்கும் மண்டையைக் குடைந்தது. P-யில் போட்ட வண்டி நகர வேண்டுமானால் அதற்கு ஒரே வழிதான் உண்டு. P என்பது, வண்டியை நிறுத்தியதும் கியர் பெட்டியைப் பூட்டுவது. இந்த வகை வண்டியில் கியர் பெட்டிக்கும் சக்கரங்களுக்கும் நடுவே இன்னொரு பெட்டி இருக்கும். சக்தியை இரண்டு சக்கரத்துக்கா நான்கு சக்கரத்துக்கா என்று பிரித்துக் கொடுப்பது அதுதான். அதையும் நியூட்ரலுக்கு, எந்தச் சக்கரத்தோடும் சேராத நிலைக்கு, கொண்டு போகலாம். அப்படிப் போனால் P ஒன்றும் செய்யாது. கதவுக்குப் பெரிய பூட்டாகப் போட்டுவிட்டு, கதவைச் சுவரிலிருந்து கழற்றி வைத்தது போலத்தான். ஆனால் அந்தப் பெட்டி தானாக நியூட்ரலுக்குப் போகாது. ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும் குமிழை யாராவது திருக வேண்டும். குமிழ் சொல்லும், கம்ப்யூட்டர் பெட்டி கேட்கும், அடியில் இருக்கும் மோட்டார் செய்யும்.

கம்ப்யூட்டர் பெட்டியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினேன். கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்றது. குமிழைத் திருகினேன். இரண்டு, நான்கு, மெதுவான நான்கு, நியூட்ரல், எல்லா இடத்துக்கும் ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்பியது. ஒயரை அசைத்தேன், தட்டினேன், தண்ணீர் தெளித்தேன், ஹேர் டிரையரால் சூடேற்றினேன். வெயிலில் நின்ற வண்டி சமர்த்தாக நின்றது. நோயாளி டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் ஓடிவிடுமே, அப்படி. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. குறையே இல்லை என்று சொன்னால் என்ன அர்த்தம்? டீச்சரின் கைதான் குறை என்று அர்த்தம். அந்தப் பெண் அதைக் கேட்கவா என்னிடம் வந்தார்?

இப்படியே நாட்கள் போயின. ஒரு மத்தியானம், வெயில் பொறுக்க முடியாமல் வண்டியை ஷெட்டுக்குள் கொண்டு போகலாம் என்று ஓட்டினேன். எங்கள் ஷெட் தரை, கழுவுகிற தண்ணீர் வடிவதற்காக உள்சுவரை நோக்கிச் சற்றே சரிந்திருக்கும். அந்தச் சுவர் ஓரத்தில்தான் என் வேலை மேசை. வண்டி உள்ளே நுழைந்ததும் என் வீட்டுக்காரர் வெயில் வராமல் வாசல் தார்ப்பாயை இறக்கிவிட்டார். மேசைக்குச் சற்று முன்னால் நிறுத்தி, P போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க அவர் வண்டிக்கும் மேசைக்கும் நடுவே வந்து குனிந்தார்.

என் தலைக்குப் பின்னால் விளக்கு எரிந்தது.

மஞ்சளாக, மங்கலாக. கண்ணாடியில் பார்த்தேன், பின்சீட்டு காலியாகத்தான் இருந்தது. உடனே டிங், டிங் என்று மணி. பக்கத்துச் சீட்டில் ஆள் இருக்கிறார், பெல்ட் போடவில்லை என்று முன்பலகையில் சிவப்பு மனிதப் படம் மின்னியது. பக்கத்துச் சீட்டில் என் துடைக்கிற துணி மட்டும் கிடந்தது. அந்தத் துணியை நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே காலுக்குக் கீழே 'ஈஈங்' என்று ஏதோ சுற்றி, 'டக்' என்று நின்றது. வண்டி, பூனை எழுந்து போவது போல, சத்தமே இல்லாமல் முன்னால் நகர்ந்தது.

பானெட்டுக்கு முன்னால் என் வீட்டுக்காரரின் முதுகு தெரிந்தது.

பிரேக்கை மிதித்தேன் என்று சொல்வது சரியில்லை, இரண்டு காலாலும் ஏறி நின்றேன். பம்பர் அவர் முதுகைத் தொட்டுவிட்டு நின்றது. அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். கத்தவில்லை.

"நீ… கியர் போடலையா?" என்று கேட்டார்.

போட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கியர் கம்பி P-யில்தான் இருந்தது. ஆனால் எப்போது போட்டேன்? நிறுத்தியதுமா? இல்லை, இப்போது பதறிப் போய்த் தள்ளினேனா? ஒரு நிமிடம் முன்பு நடந்ததை என் கையே எனக்குச் சொல்ல மறுத்தது. என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். டீச்சர் தன் கையை ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டார் என்று அப்போதுதான் விளங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரைத் திட்டிக்கொண்டே அழுதேன்.

கை பிரேக்கை இழுத்துவிட்டு ஸ்கேனரைப் பார்த்தேன். குமிழ் 'இரண்டு' என்ற இடத்தில் அசையாமல் நின்றது. திரையில் மட்டும் குமிழ் 'நியூட்ரல்' என்று வந்திருந்தது. கம்ப்யூட்டர் பெட்டியின் கணக்கில், யாரோ குமிழைத் திருகியிருக்கிறார்கள். உத்தரவு வந்தது, செய்தேன், இதில் கோளாறு என்ன என்று அது கேட்கிறது. அதனால்தான் எந்தக் கோளாறும் பதிவாகவில்லை.

"பார்த்தியா, யாரோ திருகறாங்க," என்றார் என் வீட்டுக்காரர், ஷெட்டுக்கு வெளியே வெயிலில் நின்றபடி.

"வாயை மூடிக்கிட்டு அந்தத் தார்ப்பாயைத் தூக்குங்க."

தூக்கினார். வெளிச்சம் உள்ளே வந்தது. விளக்கு அணைந்தது. திரையில் குமிழ் மறுபடி 'இரண்டு' ஆனது, அடியில் மோட்டார் திரும்பச் சுற்றியது. இறக்கச் சொன்னேன். விளக்கு எரிந்தது, மணி அடித்தது, மோட்டார் சுற்றியது. முதலில் விளக்கு, பிறகு மணி, பிறகு நகர்வு. அந்த அண்ணி சொன்ன வரிசை அப்படியே சரி. எங்களில் யாரும் அந்த வரிசையைக் காது கொடுத்துக் கேட்கவில்லை, பேய்க்கதை என்று தள்ளிவிட்டோம்.

பின்சீட்டுக்கு மேலே இருந்த விளக்கு கம்பெனி வைத்ததில்லை. இருட்டினால் தானாக எரிகிற சின்ன விளக்கு. உள்ளே பழைய மாதிரி குண்டு பல்பு, தாராளமாகக் கரண்ட் குடிக்கிற ரகம். இரண்டு திருகாணி போட்டு யாரோ கையால் மாட்டியிருந்தார்கள். கரண்ட் திரும்பிப் போகிற அதன் எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். தரை விரிப்புக்கு அடியில், சீட்டுக்குக் கீழே, ஒரு போல்ட்டில் போய் முடிந்தது. குமிழுக்கும் அதே போல்ட்தான் எர்த். சீட்டு பெல்ட் மணிக்கும் அதே. பெயின்ட்டைச் சுரண்டாமல், மேலேயே வைத்து முறுக்கியிருந்தார்கள். சேறும் ஈரமும் சேர்ந்து பச்சைப் பசேல் என்று பூத்துக் கிடந்தது. விளக்கு எரியாதவரை ஒன்றுமில்லை. எரிந்தால், அதன் கரண்ட் அந்தப் பூத்த போல்ட்டில் முட்டிக்கொண்டு, குமிழிலிருந்து கம்ப்யூட்டர் பெட்டிக்குப் போகும் மின் அளவைத் தூக்கிவிடும். கம்ப்யூட்டர் பெட்டி அதை நியூட்ரல் என்று படித்துக்கொள்ளும்.

மரத்தடி. அந்த வீட்டில் அந்த நேரத்தில் இருட்டாக இருக்கும் ஒரே இடம்.

நான் உடனே சரி செய்யவில்லை. டீச்சர் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தேன். அழைத்தபோது அண்ணியையும் கூட்டிக்கொண்டு வந்தார். கறுப்புக் கண்ணாடி, கையில் கம்பு; வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரியுமாம். படியேறும்போது டீச்சர் கை நீட்டினார், அந்த அம்மா கம்பால் படியைத் தடவிக்கொண்டு தானாகவே ஏறினார். முன்னறையில் என் வீட்டுக்காரர் அவருக்கு டீ கொடுத்தார், அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார். நான் டீச்சரை மட்டும் ஷெட்டுக்குக் கூட்டிப் போனேன்.

கட்டைகளை வைத்துவிட்டு, சாவியைப் போட்டு, அந்த விளக்கை என் உள்ளங்கையால் மூடினேன். எரிந்தது. மணி அடித்தது. மோட்டார் சுற்றியது. கையை எடுத்தேன், எல்லாம் திரும்பியது.

"உங்க கை காரணமில்ல டீச்சர். நீங்க P போட்டீங்க. நானும் போட்டேன், எனக்கும் இதேதான் நடந்துச்சு. நிழல் விழுந்தா லைட் எரியும், லைட் எரிஞ்சா வண்டி பூட்டைக் கழட்டிக்கும். இதை மாட்டின புண்ணியவான் யாரு?"

டீச்சர் எம்பித் தன் கையால் விளக்கை மூடினார். எரிந்த வெளிச்சம் விரலிடுக்கில் சிவப்பாகத் தெரிந்தது.

"அவர்தான். அண்ணிக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வந்துச்சு. வண்டிக்குள்ள ஒண்ணும் தெரியலடா, ஒரு லைட் போட்டுக் கொடுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ஒரு லீவு நாள் முழுக்க உட்கார்ந்து அவரே மாட்டினார். சுவிட்ச் தேட வேணாம்க்கா, தானா எரியும்னு சொல்லிக் காட்டினார்."

என் சுபாவத்துக்கு ஒன்றுதான் தோன்றியது. "அப்போ வாங்க, அந்த அம்மாகிட்ட நேராவே சொல்றேன். இத்தனை நாள் உங்களைப் படுத்தினாங்கல்ல?"

டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இறுக்கமான பிடி.

"வேணாம்க்கா. நான்தான் கொன்னேனான்னு கேட்டுக்கிட்டு ஒருத்தி தூங்காம கிடந்தது போதும். இன்னொருத்தருக்கு அதைக் கொடுக்காதீங்க."

கோபம்தான் வந்தது எனக்கு. ஆனால் அந்தப் பிடிக்கு அடங்கிவிட்டேன். அங்கேயே வேலையை முடித்தேன். விளக்கைக் கழற்றினேன், ஒயரை உருவினேன், போல்ட்டைத் தேய்த்து வெள்ளி போல ஆக்கி, குமிழுக்கும் மணிக்கும் தனித்தனி எர்த் கொடுத்தேன். ஷெட்டை இருட்டாக்கி, சாவியைப் போட்டுக் காட்டினேன். எதுவும் எரியவில்லை, எதுவும் சுற்றவில்லை. வண்டி வண்டியாக நின்றது.

டீச்சர் பக்கத்துச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மணியும் நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு. ஆள் இல்லாத சீட்டுக்கு இனி அடிக்காது."

"பயமாத்தான் இருக்கும்," என்றார். "ஆனா அது அடிக்கிறப்போ, பக்கத்துல உட்கார்ந்திருக்கார்னு நினைச்சுக்குவேன். சரி விடுங்க. அதையும் சரி பண்ணித்தானே ஆகணும்."

ஆயிரம் வண்டி சரி செய்திருப்பேன். சரி செய்ததற்காக வருத்தப்பட்டது அன்றைக்குத்தான்.

முன்னறையில் அண்ணி எங்கள் காலடிச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பினார்.

"என்னவாம்?"

"ஒயர் கோளாறும்மா," என்றேன். "அடியில ஓடுற எர்த் ஒயர் கெட்டுப் போயிருந்துச்சு. P-ல போட்டாலும் வண்டி நிக்காது. இவங்க சரியாத்தான் போட்டிருக்காங்க. சாட்சிக்கு என் வீட்டுக்காரரே இருக்கார், அவரையும் இடிக்கப் பார்த்துச்சு."

அவர் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். பிறகு டீச்சர் நின்ற பக்கமாக, இடம் கொஞ்சம் தவறி, கையை நீட்டினார். டீச்சர் நகர்ந்து போய் அந்தக் கைக்கு நேராக நின்றார். அண்ணி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். பொய் சொன்னதில் எனக்கே ஒரு பெருமை கூட வந்தது.

வண்டி புறப்பட்டது. எங்கள் பட்டறைக் கதவை ஒட்டிப் பக்கத்துக் கட்டடத்தின் உயரமான சுவர், அதன் நிழல் பாதையை முழுதாக மூடியிருக்கும். கதவைத் திறக்க என் வீட்டுக்காரர் முன்னால் போனார். டீச்சர் நிழலுக்குள் வண்டியை நிறுத்தினார். திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கை பிரேக்கை இழுக்கிற 'கரகர' சத்தம் எனக்குக் கேட்டது.

அப்போது பின்கண்ணாடியில் ஒரு கை எழுந்தது.

இருட்டில் கைப்பையையோ கம்பையோ தேடப் போகிறவர், முதலில் வெளிச்சம் வருகிறதா என்று மேலே தடவிப் பார்ப்பது பழக்கம் போலிருக்கிறது. அந்தக் கை கூரையைத் தடவியது. விளக்கு இருந்த இடத்துக்கு வந்தது. அங்கே இரண்டு திருகாணி ஓட்டைகள்தான் இருந்தன. வாயை மூடத் தெரிந்த நான், அந்த இரண்டு ஓட்டைகளை மூட மறந்திருந்தேன்.

விரல் முதல் ஓட்டையில் நின்றது. பிறகு அடுத்த ஓட்டையைத் தேடிப் போனது.

"இங்க இருந்த லைட் எங்கம்மா?"

"பழசாயிடுச்சுன்னு கழட்டிட்டாங்க அண்ணி." டீச்சரின் குரல் சரியாகத்தான் இருந்தது. ஒரு பாடத்தை வாசிப்பது போல இருந்தது.

என் வீட்டுக்காரர் கதவை அகலத் திறந்துவிட்டு ஓரமாக ஒதுங்கினார், போகலாம் என்று கை காட்டினார். வண்டி போகவில்லை. கூரையிலிருந்த கையும் இறங்கவில்லை.

"அது எரிஞ்சப்புறம்தானே நகரும்," என்றது உள்ளேயிருந்து வந்த குரல், யாரிடமும் கேட்காமல். "நான் கேட்டுத்தானே அவன் மாட்டினான்."

டீச்சர் திரும்பி, பின்சீட்டுப் பக்கமாக எம்பி, அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். இறக்கிய பிறகும் விடவில்லை. கதவைப் பிடித்தபடி என் வீட்டுக்காரர் அங்கே நின்றார், நான் இங்கே நின்றேன். வண்டி நிழலிலேயே நின்றது.